பொலிஸ் படிவத்துக்கு அடிக்குறிப்பு எழுதியவர்

கொழும்புக்கு வந்த நாளிலிருந்து என்னைப் பயமுறுத்தியவர்களின் பட்டியல் நீளமானது. காலி வீதியில் பந்தயம் ஓடும் பஸ்காரர்கள், கடற்கரைத் தண்டவாளத்தைக் கடக்கும்போது முதுகுக்குப் பின்னால் வந்து கூவும் ரயில், நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிடும் லிஃப்ட். இத்தனையையும் தராசின் ஒரு தட்டில் வைத்து, மறு தட்டில் அடிக்குறிப்பு அண்ணையை இருத்தினால், அண்ணையின் தட்டுத்தான் நிலத்தில் முட்டும்.

ஆள் ரௌடி அல்ல. ஐந்தடி இரண்டு அங்குலம். தடித்த கண்ணாடி, சட்டைப் பொக்கெற்றில் மூன்று பேனை, காலில் பாட்டா செருப்பு. பூனை குறுக்கே போனாலும் வழிவிட்டு நிற்கிற மனிதர். அவர் செய்த ஒரே குற்றம் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தது. படித்ததை மறக்காமல் விட்டது இன்னும் பெரிய குற்றம்.

நாங்கள் இருந்தது வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், மூன்றாம் மாடியில். வீட்டுக்காரி றீற்றா அக்கா கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர். துறைமுகத்தில் வேலை செய்த கணவர் காலமான பிறகு இரண்டு அறைகளை வாடகைக்கு விட்டு, மூன்று நேரச் சாப்பாடும் போட்டு வந்தார். அறைக்காரர் மூன்று பேர். கூரியர் கொம்பனியில் வேலை பார்த்த நான். ஒருகொடவத்தையில் கொள்கலன் யார்டொன்றில் வேலை செய்த ஹட்டன் பக்கத்துக் குமார். மூன்றாவது, அண்ணை.

அவருக்கு வேலை கொட்டாஞ்சேனையில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில். மழையில் நனைந்து பழுதாகிப்போன வெங்காயக் கொள்கலன் ஒன்றைப் பற்றி அரைப் பக்க அறிக்கை கேட்டிருக்கிறார்கள். அண்ணை பதினெட்டுப் பக்கம் கொடுத்தார். உடனடிக் காரணம் மழை. இடைக்காலக் காரணம் தார்ப்பாய் வாங்காத நிர்வாகம். நீண்டகாலக் காரணம், இந்தத் தீவுக்குள் வெங்காயம் வந்து இறங்கிய நாளிலிருந்து தொடங்கியது. முகாமையாளர் மூன்றாம் பக்கத்தில் தன் பெயரைக் கண்டதும் வாசிப்பதை நிறுத்தினார். அடுத்த கிழமை அண்ணையைப் பழைய பைல்கள் இருக்கும் அறைக்கு மாற்றினார்கள். தண்டனை என்று நினைத்து மாற்றினார்கள், பாவம். அண்ணை சொர்க்கத்துக்குப் போனதுபோல் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தார்.

என்ன கதைத்தாலும் சுட்டுவிரலை உயர்த்தி "இதுக்கு ஒரு அடிக்குறிப்பு இருக்கு" என்று தொடங்குவார். அதனால்தான் குமார் அந்தப் பெயரை வைத்தான். ஒருநாள் சம்பலில் உப்புக் கூடிவிட்டது. நானும் குமாரும் தண்ணீரைக் குடித்துக்கொண்டு சும்மா இருந்தோம். அண்ணையால் இருக்க முடியவில்லை.

"அக்கா, இதை நாலு விதமாய்ப் பார்க்கலாம். அரசியல் வரலாறு எழுதுறவன், உப்புப் போட்ட நேரம் குசினியில அதிகாரம் ஆரிட்டை இருந்தது எண்டு கேப்பான். பொருளாதார வரலாறு எழுதுறவன் தேங்காய் விலையைப் பார்ப்பான். தேங்காயைக் குறைச்சால் உப்புத் தூக்கும். சமூக வரலாறு எழுதுறவன் இந்த மேசையில ஆர் ஆருக்கு வாய் திறக்கிற துணிவு இருக்கு எண்டு பார்ப்பான். சுற்றாடல் வரலாறு எழுதுறவன்..."

"உப்புக் கூடிட்டுதுன்னு நேரா சொல்லுங்களேன்! என்ன மனுஷன் நீங்க!" என்று றீற்றா அக்கா சம்பல் கோப்பையையே எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாலாவது வரலாறு கடைசிவரை எங்களுக்குக் கிடைக்கவில்லை. சம்பலும் கிடைக்கவில்லை.

காலி வீதியில் ஒரு காரும் முச்சக்கர வண்டியும் முட்டிக்கொண்டபோது, சாரதிகள் இருவரும் வழியில் போன அண்ணையைச் சாட்சிக்கு இழுத்தார்கள். அண்ணை அந்த வீதி போடப்பட்ட காலத்திலிருந்து தொடங்கினார். ஐந்தாவது நிமிடத்தில் இருவரும் கைகுலுக்கி, ஆளுக்கொரு திசையில் ஓடிவிட்டார்கள். சண்டை தீர்க்க இதைவிட நல்ல வழி நான் கண்டதில்லை.

இதெல்லாம் சிரிக்கிற கதை. பயந்த கதை இனித்தான்.

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி அல்ல. எனக்கு ஒரு அண்ணா இருந்தார், ரவீந்திரன் என்று பெயர். யுத்தத்தின் கடைசி வருஷங்களில் ஒரு காலையில் வீட்டை விட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. எங்கே, என்ன, யார் என்று இன்றுவரைக்கும் ஒன்றும் தெரியாது. அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மாமா ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, படிவங்களில சகோதரம் எண்ட இடத்தில இல்லை எண்டு போடு. எழுதினால் கேள்வி வரும். கேள்விக்குப் பதில் வேணும். எங்களிட்டைப் பதில் இல்லை."

அன்றிலிருந்து நான் ஒற்றைப் பிள்ளை. வேலை விண்ணப்பத்தில், வங்கியில், ஏன், ஒரு பல் வைத்தியர் கொடுத்த கடுதாசியில்கூட "இல்லை" என்று எழுதினேன். ஒவ்வொரு முறையும் அந்த மூன்று எழுத்தை எழுதும்போது கை வியர்க்கும். பொய் பிடிபட்டுவிடும் என்ற பயம் ஒரு பக்கம், அண்ணாவை நானே அழிக்கிறேன் என்ற எண்ணம் மறு பக்கம். ஒழுங்கைக்குள் மோட்டார் சைக்கிள் வந்து நின்றால் எனக்குத் தண்ணீர் விடாய்க்கும்.

யுத்தம் முடிந்து இத்தனை வருஷத்துக்குப் பிறகு ஒருநாள் அப்படித்தான் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. வீட்டில் தங்கியிருப்போரின் விபரம் கேட்டுப் பொலிஸ் படிவம். தமிழர் கூடி வாழும் வெள்ளவத்தைக்காரருக்கு இது புதிதல்ல. பழைய படிவங்களின் முத்திரை குத்திய கொப்பிகள் எங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே ஒரு பைலில் இருந்தன. திருமணச் சான்றிதழைத் தொலைத்தாலும் றீற்றா அக்கா அந்தப் பைலைத் தொலைக்க மாட்டார்.

சிங்களத்தில் நிரப்பினால் அலுவல் கெதியில் முடியும் என்று எல்லோருக்கும் எண்ணம். சந்தையில், பஸ்ஸில் நாங்கள் எல்லோரும் சிங்களம் கதைப்போம். எழுத, வாசிக்கத் தெரிந்தவர் வீட்டில் ஒருவர்தான். அவர் ஏற்கெனவே பேனையின் மூடியைக் கழற்றிவிட்டார்.

"அண்ணை," என்று நான் குரலைத் தாழ்த்தினேன். "எனக்குச் சகோதரம் எண்ட இடத்தில இல்லை எண்டு போடுங்கோ."

"இல்லையோ?"

"போடுங்கோவன்."

"அது பதில் இல்லை, ஐசே" என்றார். என்னை அவர் எப்போதும் ஐசே என்றுதான் கூப்பிடுவார். பிறகு, ஊர் விலாசத்துக்குக் கிராம சேவகர் பிரிவு இலக்கம் வேண்டும் என்றார். எனக்கு அது ஞாபகமில்லை. "அம்மாட்டைக் கேளுங்கோ" என்று போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வேலைக்கு ஓடினேன். என் வாழ்க்கையில் நான் செய்த முட்டாள்தனங்களில் அதற்குத்தான் முதல் இடம்.

இரண்டு நாளில் படிவங்கள் தயார். காட்டின இடத்தில் மூவரும் கையெழுத்துப் போட்டோம். கட்டுத் தடிப்பாக இருந்ததை றீற்றா அக்கா கவனித்திருக்கிறார். "அரசாங்க அலுவல், தடிப்பா இருந்தா நல்லதுதானே" என்று நினைத்துப் பொலிஸில் ஒப்படைத்துவிட்டு வந்துவிட்டார்.

அடுத்த நாள் பைலுக்கு இன்னொரு பிரதி வைக்கலாமென்று, கையிலிருந்த கொப்பியைச் சந்தியிலுள்ள நியாஸின் போட்டோகொப்பிக் கடைக்கு நானே கொண்டுபோனேன். நியாஸ் மாளிகாவத்தைக்காரன், சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். இரண்டாவது தாளை மெஷினில் வைக்கப்போனவன் கையை எடுத்தான். முகம் மாறியது.

"மச்சான், இதை ஆரு எழுதின?"

"ஏன்?"

"பொலிஸுக்குக் குடுத்தாச்சா?"

"குடுத்தாச்சு. ஏன்டா?"

"அல்லாவே" என்றான் நியாஸ். மெஷினை நிறுத்திவிட்டான்.

நான்கு பேரின் படிவம், இணைப்புகளோடு முப்பத்தொரு பக்கம். ஆளுக்கு ஒரு வகை வரலாறு. குமார் கொழும்புக்கு வந்த காரணம் என்ற இடத்தில் பொருளாதார வரலாறு: தேயிலை, தோட்டச் சம்பளம், துறைமுகம், கொள்கலன், அடிக்குறிப்பு ஒன்பது. றீற்றா அக்காவின் தொழில் என்ற இடத்தில் பெண்கள் வரலாறு: "முந்திய படிவங்களில் இவருக்குத் தொழில் இல்லை என்று பதியப்பட்டுள்ளது. அதை எழுதியவர்கள் இவர் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு எழுதியவர்கள்." தன்னைப் பற்றிய பகுதியில், தன்னைப் பற்றித் தானே எழுதுவது நம்பத்தகுந்த சான்றல்ல என்று ஒரே ஒரு வரி.

"என்ரை?" என்று கேட்டேன்.

நியாஸ் தாளைப் பார்த்து மெதுவாகத் தமிழில் சொன்னான். "சகோதரர் ஒருவர். மூத்தவர். ரவீந்திரன். வாய்மொழிச் சான்று, தாயார். ஒரு சான்றின்படி சைக்கிள் ரியூப் வாங்கப் போனார். அயலவரின் இன்னொரு சான்றின்படி வேலை கேட்டுப் போனார். திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார் என்பதில் இரண்டு சான்றும் ஒத்துப்போகின்றன. அவரைப் பற்றி ஆவணம் இல்லை. ஆவணம் இல்லை என்பது ஆள் இல்லை என்பதற்கு ஆதாரமாகாது."

கடைக் கதவைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருஷமாக நான் பொத்திப் பொத்தி வைத்திருந்தது, பொலிஸ் நிலையத்தில் யாரோ ஒருவரின் மேசையில் கிடந்தது.

அந்த நேரம் பார்த்து அம்மாவின் போன். "தம்பி, உன்னோடை இருக்கிற அந்த ஐயா போன் எடுத்தவர். இரண்டு மணித்தியாலம் கதைச்சவர். அண்ணாவுக்கு என்ன சாப்பாடு விருப்பம், காலில எந்தப் பக்கம் தழும்பு, எல்லாம் கேட்டவர். இவ்வளவு காலத்தில ஒருத்தரும் அவனைப் பற்றி இப்படி என்னட்டைக் கேக்கேல்லை, தம்பி." அம்மாவின் குரல் தெளிவாக இருந்தது. "சரியம்மா" என்று மட்டும் சொன்னேன்.

வீட்டுக்குப் போனதும் கத்தினேன். வயதில் மூத்தவர் என்றுகூடப் பார்க்கவில்லை. "ஆர் உங்களைக் கேட்டது? உங்களுக்கு இது வரலாறு, எனக்கு இது உயிர்! நாளைக்கு என்னைக் கூப்பிட்டு விசாரிச்சா நீங்கள் வந்து அடிக்குறிப்பு சொல்லுவீங்களோ?"

குமாரும் சேர்ந்துகொண்டான். "என்னாண்ணே, தோட்டத்துச் சம்பளத்தை எல்லாம் பொலிஸுக்கா எழுதுவாங்க?" றீற்றா அக்கா மட்டும் தன் பகுதியைத் தமிழில் வாசித்துக் காட்டும்படி அண்ணையிடம் சொன்னார். அவர் வாசித்து முடித்ததும், "அதில பிழை ஒண்ணும் இல்லையே" என்று சொல்லிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார்.

அண்ணை விரலை உயர்த்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் யோசிக்கேல்லை, ஐசே. அம்மா சொல்லச் சொல்ல எழுதிப்போட்டன். நீர் பயப்பிடுவீர் எண்டு யோசிக்கேல்லை." பிறகு, "கூப்பிட்டால் நான் வாறன். நான்தான் எழுதினது எண்டு சொல்லுறன்" என்றார்.

மூன்றாம் நாள் கூப்பிட்டார்கள். நால்வரும் காலை ஒன்பது மணிக்கு வரவேண்டும்.

அந்தக் காலையில் நான் சாப்பிடவில்லை. அடையாள அட்டையைச் சட்டைக்குள் வைத்தேன், காற்சட்டைக்கு மாற்றினேன், திரும்பவும் சட்டைக்கு மாற்றினேன். குமார் சாமிப் படத்துக்கு முன்னால் நின்றான். றீற்றா அக்கா ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு உடுத்தும் சேலையை உடுத்தி, கைப்பைக்குள் செபமாலையைத் திணித்தார். அவரும் குமாரும் ஒரு முச்சக்கர வண்டியில் முன்னால் போக, நானும் அண்ணையும் பின்னால் வந்த வண்டியில் ஏறினோம்.

பாதி வழியில் என் கையில் ஏதோ ஈரமாகப் பட்டது. பார்த்தால் அண்ணையின் கை. என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். முழங்கால்கள் இரண்டும் அடித்துக்கொண்டிருந்தன.

"அண்ணை, பயமோ?"

"பயம் எண்டதைச் சமூக வரலாற்று நோக்கில பார்த்தால்..."

"அண்ணை!"

"ஓம். சரியான பயம்."

இவ்வளவு நாளும் நான் பயந்த மனிதர் என்னைவிடப் பெரிய பயந்தாங்கொள்ளி என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பொலிஸ் நிலைய வாசலில் அவருக்கு ஒரு கால் செருப்பு கழன்றுவிட்டது. திரும்பி எடுத்து மாட்டிக்கொண்டு, எனக்கு முன்னால் போனார். அந்த வாசலால் இன்னும் திரும்பி ஓடலாம் என்று நானே நினைத்துக்கொண்டிருந்த நேரம் அது.

உள்ளே வயதான சார்ஜன்ட் ஒருவர் இருந்தார். மேசையில் எங்கள் முப்பத்தொரு பக்கம். நால்வரையும் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, "மேக்க லிவ்வே கவுத?" என்றார். இதை எழுதினது யார்?

நாங்கள் மூவரும் வாய் திறக்க முன்னரே அண்ணை எழும்பிவிட்டார். "மம, சேர்." நான்தான். "இந்தத் தம்பிக்கு ஒண்டும் தெரியாது. இவர் சகோதரம் இல்லை எண்டு போடச் சொன்னவர். நான்தான் மாறி எழுதினது" என்று சிங்களத்தில் ஒரே மூச்சில் சொன்னார். முதன்முறையாக அவர் ஒரு விஷயத்துக்கு ஒரே ஒரு காரணம் சொல்லிக் கேட்டேன்.

சார்ஜன்ட் கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு நாளாக இதை வாசிப்பதாகச் சொன்னார். வெங்காயத்தைத் தவிர உலகத்திலுள்ள எல்லாம் அதில் இருந்தது. அவர் சொன்னது இதுதான்: பொலிஸுக்குத் தேவை பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம். முப்பத்தொரு பக்கத்தில் ஒரு இடத்திலும் ஒருவருடைய தொலைபேசி இலக்கமும் இல்லை. றீற்றா அக்காவின் பழைய படிவத்தைத் தேடிப்பிடித்து நம்பர் எடுத்துத்தான் எங்களைக் கூப்பிட்டார்களாம்.

குமார் சத்தமாக மூச்சு விட்டான். றீற்றா அக்கா அண்ணையைப் பார்த்த பார்வையில் அன்றைக்கு அவருக்கு மத்தியானச் சாப்பாடு இல்லை என்பது எழுதியிருந்தது.

எனக்குத்தான் இன்னும் முடியவில்லை. சார்ஜன்ட் கட்டின் நடுவிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அதை என் பக்கம் திருப்பினார். "மே ஓயாகே அய்யாத?" இது உங்களுடைய அண்ணனா?

இல்லை என்று சொல்லிப் பழகிய வாய். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பக்கத்தில் அண்ணையின் முழங்கால் கதிரையில் அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எழும்பி ஓடாமல், நடுங்கி நடுங்கி அங்கேயே இருந்தார்.

"ஒவ், சேர்" என்றேன். ஆமாம்.

அவர் தாளைத் திரும்பவும் கட்டுக்குள் வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. லாச்சியைத் திறந்து நான்கு புதுப் படிவங்களை எடுத்து வைத்தார். ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள், தமிழில் எழுதினாலும் பரவாயில்லை என்றார்.

பழக்கத்தில் அண்ணை பேனையை எடுத்தார். மூடியைக்கூடக் கழற்ற முடியவில்லை. நான் பேனையை அவர் கையிலிருந்து வாங்கினேன்.

சகோதரர் என்ற இடம் வந்தது. ரவீந்திரன் என்று எழுதினேன். அதற்குப் பக்கத்தில் விலாசம் கேட்டிருந்தது. அங்கேதான் எனக்குக் கண் கலங்கியது. ஊரிலுள்ள எங்கள் வீட்டு விலாசத்தை எழுதினேன். அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிற வீடு. அண்ணாவுக்கு வேறு எந்த விலாசம்?

அண்ணை எட்டிப் பார்த்தார். அந்த விலாசத்துக்குச் சான்று இல்லை என்று அவருக்குத் தெரியும். தாள் அசையாமல் அதன் ஓரத்தைச் சுட்டுவிரலால் அமர்த்திப் பிடித்தார்.

அவர் இப்போது கிருலப்பனையில் தங்கை வீட்டோடு இருக்கிறார். அண்ணைக்கு முன்னால் தங்கையின் கணவர் சம்பல் பற்றி வாய் திறப்பதில்லையாம். எனக்கு இப்போதும் படிவம் என்றால் பயம்தான். கை வியர்க்கத்தான் செய்கிறது. சகோதரர் என்ற இடத்துக்கு வந்ததும் அண்ணைக்குப் போன் எடுப்பேன்.

"எழுதியாச்சோ, ஐசே?" என்பார்.

"எழுதியாச்சு, அண்ணை" என்பேன்.

அதற்கு மேல் கதைக்க எங்களிடம் ஒன்றுமில்லை. ஆனாலும் அவர் போனை வைக்கும்வரை நான் வைப்பதில்லை.